தலை தொட்டவரின் பெயர்: போத்தனூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு

போன ஜூன் மாதம் கொச்சி மட்டாஞ்சேரியில் என் பேரனுக்கு ஞானஸ்நானம். அதற்காக வெள்ளிக்கிழமை போத்தனூரில் ரயிலேறி, செவ்வாய்க்கிழமை திரும்பினேன். இந்த மாதிரிக் காரியமாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பேரனைப் பார்க்க மட்டும் போகவில்லை. எங்கள் வழக்கப்படி முதல் பையனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர். அந்தப் பெயர் மாப்பிள்ளையின் அண்ணன் மகனுக்குப் போய்விட்டது. அப்படியானால் அடுத்தது அம்மா வழித் தாத்தா பெயர்தானே? என் வீட்டுக்காரர் ஞானப்பிரகாசம் போத்தனூர் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். ஆறு வருஷத்துக்கு முன் வேலையிலேயே போய்விட்டார். பிள்ளை பிறந்த தந்தி வந்தபோதே பெயர் முடிவாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். பின்னாலேயே மாப்பிள்ளை சேவியரின் கடிதம் வந்தது. தலதொட்டப்பனாக நிற்கப் போகிற அகஸ்டின் மாஷ் வேறு ஒரு பெயர் வைத்திருக்கிறாராம். யாரோ இங்கிலாந்துக் கதைக்காரரின் பெயராம். நாம் ஞானத்தகப்பன் என்கிறவரைத்தான் அங்கே தலதொட்டப்பன் என்கிறார்கள்; மாஷ் என்றால் வாத்தியார். ஞானத்தாய் நான்தான். கடிதத்தை நாலு தடவை வாசித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

போத்தனூரில் காலை ஏழு இருபதுக்கு வண்டி. ஷொரணூரில் பத்து ஐம்பதுக்கு இறங்கி மாற வேண்டும். எர்ணாகுளம் சேரும்போது இரண்டு முப்பத்தைந்து. நூற்றிருபது மைல், மூன்றாம் வகுப்பு டிக்கெட் மூன்று ரூபாய் முப்பது நயா பைசா. ரயில்வே பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். தமிழ்ப் பலகை எதையும் விடாமல் வாசிப்பேன். பாலக்காடு தாண்டியதும் பலகையெல்லாம் ஜிலேபியாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் போனேன்.

ஸ்டேஷனிலிருந்து படகுத் துறைக்கு ஒரு மைல், ரிக்‌ஷாவுக்கு இருபத்தைந்து நயா பைசா. படகு டிக்கெட் இரண்டணா என்று கேள்விப்பட்டிருந்ததால் இரண்டணா நாணயத்தைக் கொடுத்தேன். டிக்கெட்காரர் கையை நீட்டியபடியே நின்றார்.

"அம்மே, பதிமூணு. இது பன்னிரண்டே ஆவுள்ளூ."

"இரண்டணான்னா இரண்டணாதானேங்க?"

"அது பண்டு. இப்ப நயா பைசயா."

புதுக்காசு வந்து ஒரு வருஷம் ஆகியும் எனக்கு இது விளங்கவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். பதினைந்து நிமிஷத்தில் படகு ஒரு துறையில் நின்றது. பெட்டி, நல்லெண்ணெய் டின், லேகியப் பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சுற்றிலும் கிரேன்கள், கப்பல்கள். அதே டிக்கெட்காரர் படகிலிருந்தே கத்தினார்: "அம்மே! இது ஐலண்டு! மட்டாஞ்சேரி அடுத்தது! கேறு, கேறு!" இரண்டு பேர் கை கொடுத்து என்னைத் திரும்ப ஏற்றினார்கள். லேகியம் கொஞ்சம் கடலுக்குப் போனது. துறை பெயரைக் கேட்காமல் இறங்காதீர்கள். மட்டாஞ்சேரிக்குப் படகில் மொத்தம் முக்கால் மணி நேரம்.

பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் கலந்த நெடி, கண்ணில் நீர் வந்துவிட்டது. குஜராத்தி பேசுகிறார்கள், கொங்கணி பேசுகிறார்கள். தமிழ் கேட்ட முதல் கடையில் நின்றேன். கடைக்காரர் பாலக்காட்டு ராவுத்தர். மிளகு மண்டியில் கிளார்க்காக இருக்கும் சேவியர் வீடு எது என்று விசாரித்தேன்.

"மாஷோட சேவியர்தானே? நேராப் போயி இடத்தால திரும்புங்கோ." அதோடு விடாமல் கடையில் நின்ற சுமைக்காரரிடம் திரும்பினார். "ஏண்டா, அந்தப் பையனோட வாப்பாவ ஜெயிலிலேந்து விடுவாங்களா மாட்டாங்களா?"

"நாளைக்கு அறியாம் இக்கா. விட்டில்லெங்கில் ஞான் மாஷிடத்து சண்டை கூடும்."

வந்த இடத்தில் யாரோ ஜெயிலில் இருக்கிறார்களே என்று எனக்குப் படபடப்பு. வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கையில் வாங்கினேன். ஏழே முக்கால் ராத்தல், தலை நிறைய முடி, நெற்றி அப்படியே அவன் தாத்தா. அப்புறம்தான் மகள் ரெஜினாவிடம் ஜெயில் விஷயத்தைக் கேட்டேன். படுத்திருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது கதைம்மா! மாஷ் தினமும் வாசிக்கிற கதை. இந்தத் தெருவே அப்படித்தான் பேசும்."

சிரிப்பு நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அப்பா பேருதான் வேணும். எனக்கு அங்க வர முடியாது. நீதான் சொல்லணும்." அந்த ஊரில் பிரசவித்தவள் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு வருவதில்லை. நான் சரி என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு மண்டி வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்பது சுமைக்காரர்கள் சாக்குகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கறுப்புக் கோட்டும் மடியில் தடிப்புத்தகமுமாக அகஸ்டின் மாஷ். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்பித்து ஓய்வு பெற்றவர். இங்கிலீஷில் கண்ணை ஓட்டி மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போகிறார். எழுதியவர் மகாராணி காலத்து ஆள், செத்து எண்பது வருஷத்துக்கு மேலாகிறதாம். அவர் கதையில் வரும் கஞ்சனின் பெயரை இந்தச் சுமைக்காரர்கள் ஒரு மண்டி முதலாளிக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். அது முதலாளி காதில் விழுந்து, அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாராம். எங்கேயோ குளிரில் உட்கார்ந்து எழுதியதற்கு இங்கே கேக் எப்படி வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. சரியான இடத்தில் மாஷ் புத்தகத்தை மூடினார். "துஷ்டன்!" என்று திட்டிக்கொண்டே எல்லாரும் எழுந்தார்கள். அந்த ஜெயில் அப்பனை இன்னும் விடவில்லை.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். சாயா கொடுத்தேன். பெயர் விஷயத்தை நான் எடுப்பதற்கு முன் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"அம்மே, தலதொட்டப்பன்னா சில்லறைக் காரியம் இல்லா. யூரோப்பில ராஜாக்கன்மார் தலதொட்டப்பனா நிக்கும். நேரில வரமாட்டாங்க. ஒரு வெள்ளிக் கோப்பையும் ஒரு கடுதாசியும் வரும், அத்ரதான்."

அப்புறம் நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒன்றைச் சொன்னார். தூத்துக்குடிக் கடற்கரைப் பெரியவர்கள் இதே கொச்சிக்கு வந்துதான் ஞானஸ்நானம் வாங்கினார்களாம். தலை தொட்ட போர்த்துக்கீசியர்கள் தங்கள் பெயரையே கொடுத்தார்களாம். என் அம்மா தூத்துக்குடிக்காரி, வீட்டுப் பெயர் பெர்னாந்து. எந்தக் கப்பல்காரன் கொடுத்த பெயரோ அது! இத்தனை வயதுக்கு அன்றுதான் தெரிந்தது. பெருமைப்படுவதா கோபப்படுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நம்ம கதைக்காரனுக்கு ஏழு ஆண்மக்கள்," என்றார் மாஷ். "அதில கூடுதல் பேருக்கும் வலிய கவிஞனோ எழுத்துக்காரனோ தலதொட்டப்பன். அவங்க பேரையே பிள்ளைக்கு வெச்சு. பெரிய பேர் வெச்சா குட்டி அதுக்குத் தக்க வளரும். மனசிலாயோ?"

எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. "அந்தப் பசங்க அப்புறம் என்ன ஆனாங்க மாஷ்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒருத்தன் பதினாறு வயசில பட்டாளத்தில சேர்ந்து இந்தியாவுக்கு வந்து. கல்கத்தாவில மரிச்சு. இருபத்திரெண்டு வயசு."

"ஐயோ. அப்பா வந்து பார்த்தாருங்களா?"

"இல்லா."

"பேரு குடுத்த பெரியவரு?"

"அவரும் இல்லா." குடையைத் தேடியபடியே, "ரெண்டு பேரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி. சின்னவன் போகும்போ பதினாறு," என்றார். "கதையில குட்டிகளுக்கு வேண்டி லோகத்தையே கரய வெச்ச மனுஷன்…" குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயா பாதி அப்படியே இருந்தது.

நான் அவர் வாயை அடைக்கக் கேட்கவில்லை. ஆனால் அடைத்துவிட்டேன் போல. ரெஜினா உள்ளேயிருந்து, "நல்லாக் கேட்டம்மா!" என்றாள். எனக்கென்னவோ சந்தோஷம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை மீன் கழுவிக்கொண்டிருந்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, மாஷுக்குப் பிள்ளைங்க இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"கல்யாணமே இல்லா அம்மா. எனக்கு ஒம்பது வயசில அப்பன் வள்ளம் மறிஞ்சு போயி. எனக்குத் தலை தொட்டது மாஷ்தான். அப்பன் போன மறுநாள் காலையில வந்து. கையில சிலேட்டு. 'நாளை முதல் ஸ்கூலுக்கு என்கூட வரணும்' ன்னு சொல்லி. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் வாசலில வந்து விளிக்கும். ஒரு நாள் முடங்கியிட்டில்லா." மீன் செதிளைத் தட்டிவிட்டு, "நிங்ஙள் எந்தப் பேர் சொன்னாலும் எனக்குச் சம்மதம். மாஷை மட்டும் வேதனிப்பிக்கருது," என்றார்.

கோயில் வீட்டிலிருந்து ஆறு பர்லாங். நாலு மணிக்கு மழையோடு மழையாகப் போனோம். மாஷ் எங்களுக்கு முன்னால் வந்து நின்றிருந்தார், கோட்டு நனைந்து. தொட்டியருகே நான் பிள்ளையைத் தாங்கிக்கொண்டேன். மாஷ் தலையில் கை வைத்தார். அதுவரை வீறிட்டுக்கொண்டிருந்தவன் அந்தக் கைக்கு அடங்கிவிட்டான்.

அச்சன் லத்தீனில் ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்கிறார் என்று கோயில்பிள்ளை சொன்னார். அங்கே அவரைக் கபியார் என்கிறார்கள், சாமியாரை அச்சன் என்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் தலதொட்டப்பன். மாஷ் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்த்தார்.

"அம்ம பறயட்டே. எனக்கு அறியில்லா."

நூற்றிருபது மைல் இதற்குத்தானே வந்தேன்? பெயர் நாக்கில்தான் இருந்தது. அப்போது ஏனோ கல்கத்தாவில் செத்த அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்தான். அவன் தலையில் வைத்தது பெரிய மனிதர் பெயர். இவன் தலையில் நான் வைக்கப் போவதும் இவனைப் பார்க்க வர முடியாத ஒருவரின் பெயர்தானே? ஆனால் அந்தப் பெரிய மனிதர் வேறு, என் வீட்டுக்காரர் வேறு, இவர் உயிரோடு இருந்தால் ஓடி வந்திருப்பார். எது சரி, எது தப்பு, ஒன்றும் ஓடவில்லை. கண்ணெதிரே இருந்தது பிள்ளை தலைமேல் அந்தக் கை மட்டும்தான்.

"அகஸ்டின்," என்றேன்.

மாஷ் திடுக்கிட்டார். "அம்மே, அது என்டெ பேரல்லே?"

"ஆமாங்க. தலை தொட்டவரு பேரு. உங்க கதைக்காரரு செஞ்ச மாதிரிதான். ஆனா நீங்க வருவீங்க."

அச்சன் தொண்டையைச் செருமினார். அடுத்து விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும். நாற்பது பேருக்குக் கதை வாசிக்கிற மனிதர் இரண்டு இடத்தில் திக்கி நின்றார். நான் எடுத்துக் கொடுத்தேன், தமிழில். கபியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

முடிந்ததும் பதிவேட்டில் எழுத உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளை, அப்பா, அம்மா, தலதொட்டப்பன் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்த கபியார் என் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"பர்த்தாவின்டெ பேர்?"

"ஞானப்பிரகாசம்."

"மெல்லெ, மெல்லெ. எந்தா?"

"ஞா… னப்… பிர… கா… சம்."

மூன்று தடவை சொன்னேன். அந்தக் கோயிலில், அந்தப் புத்தகத்தின் முன்னால், வாய்விட்டு. எழுதி முடித்ததும் மாப்பிள்ளையை வாசிக்கச் சொன்னேன். அவர் விரல் வைத்து வாசித்தார். பேரன் பெயர் இருக்கிற அதே வரியில், நாலு விரற்கடை தள்ளி என் வீட்டுக்காரர் பெயர்.

வீட்டில் ரெஜினா வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தாள். "அப்பா பேருதானேம்மா?"

"அகஸ்டின்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ஈரச் சேலையோடு நின்றேன். "அப்பாவும் அதே வரியில இருக்காரு கண்ணு. நான் சொல்லித்தான் எழுதுனாங்க," என்றேன். விளக்கேற்றுகிற நேரம் வரைக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அப்புறம் பால் குடித்துத் தூங்கிய பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டாள். "புடி. உன் அகஸ்டினைப் புடி."

நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. போத்தனூரில் கேட்கிறவர்கள் எல்லாரும், "வீட்டுக்காரர் பேருதானே வெச்சீங்க?" என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறேன். மாஷ் இப்போது தினமும் காலை ஏழரைக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். ரெஜினா எழுதியிருந்தாள். கதையில் அந்த அப்பனை ஜெயிலிலிருந்து விட்டுவிட்டார்களாம், அதையும் எழுதியிருந்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியவை இவ்வளவுதான். எர்ணாகுளத்திலேயே இறங்குங்கள், துறைமுக ஸ்டேஷன் வரை ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம். ஜூனில் போனால் ஒரு குடை போதாது. லேகியத்தை மண் பாத்திரத்தில் கொண்டு போகாதீர்கள், மூடி போட்ட டின் நல்லது. திரும்பும்போது காலை ஆறு மணிப் படகைப் பிடித்தால் ரயிலுக்குச் சரியாக இருக்கும். ஞானஸ்நானத்துக்குப் போகிறவர்கள் பதிவேட்டில் எழுதி முடியும்வரை மேஜை பக்கத்தை விட்டு நகராதீர்கள். எழுத்து தெரியாவிட்டால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபிப்பதில்லை. எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்கள். மூன்றாம் தடவையும் கேட்டிருக்கலாம்.