எகிப்துத் தேருக்குக் குங்குமப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்க வீட்டுக்காரர் போன் பண்ணினார். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே நீ?" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் ஏரியாவான வாகட்டைத் தாண்டுவதற்குள் காரை எங்காவது இடித்துவிட்டாரோ?

காரெல்லாம் பத்திரம். விஷயம் வேறு.

கோயமுத்தூரிலிருந்து புனே வந்ததும் நம்மாளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ஐ.டி. ஆட்கள் சிலர் சேர்ந்துகொண்டு, மேஜை மேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை போடுகிறார்கள். எல்லாம் பழங்காலத்துப் போர்கள். நம்மாள் எகிப்துப் படை. கட்டைவிரல் நீளத்துக்குத் தேர்கள், அதில் குதிரை, ஓட்டுகிறவன், வில் பிடித்தவன்... எல்லாம் அவரே ஒட்டி, அவரே பெயின்ட் அடித்தது.

விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள். சக்கரத்துக்கு ஆறு ஆரக்கால்தான் இருக்க வேண்டுமாம். எட்டு இருந்தால் தப்பாம். அச்சு தேருக்கு நடுவில் வந்தால் அதுவும் தப்பாம். பின்னால் தள்ளி இருக்க வேண்டுமாம். "ஏனுங்க, நம்மூர்த் தேராட்ட ஒரு தோரணம் கட்டினா எடுப்பா இருக்குமுங்களே" என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்தக் காரில் எந்த டயரில் காற்று இல்லை என்று இவருக்குத் தெரியாது!

அந்த ஞாயிறுதான் போட்டி. நிஜத் தேர் எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே செய்தவருக்குப் பரிசு. அதற்காக ஆறு மாதமாக மனுஷர் உயிரை விட்டுக்கொண்டிருந்தார்.

நடுவில் வந்தது ஆயுத பூஜை. கார், ஸ்கூட்டர், மிக்ஸி, வாஷிங் மெஷின் — எதை விட்டேன்? அலமாரியில் பெட்டி நிறையத் தேர். சக்கரம் வைத்த வண்டியை விடலாமா? அதுவும் போட்டிக்குப் போகிற வண்டி! சந்தனத்தைக் குழைத்து, தீக்குச்சி நுனியால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பொட்டு வைத்து, மேலே குங்குமம் இட்டேன். நல்லவேளை, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றவில்லை. பெட்டியை மூடினேன். பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

போட்டி நடக்கும் ஹாலில்தான் பெட்டியைத் திறந்திருக்கிறார். ஈரக் கைக்குட்டையால் துடைத்தாராம். சந்தனம் போனது. குங்குமச் சிவப்பு பெயின்டில் ஊறிவிட்டது.

"சக்கரம் இருந்துதுங்களே..." என்றேன். போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் கூட்டாளி கேதாரோடு வந்தார். நடந்ததை கேதார்தான் இந்தியில் சொன்னார். நடுவர் அந்தச் சிவப்பைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டாராம். "போல் தே, சொல்லிடுப்பா, சூரிய பகவான் சின்னம்னு! எகிப்துல சூரியனைத்தானே கும்பிட்டாங்க" என்று இவர் காதைக் கடித்திருக்கிறார் கேதார். நடுவரும் நம்பியிருப்பார். நம்மாள் நிமிர்ந்து நின்று, "நோ சார், இது எங்க வீட்டு ஆயுத பூஜை" என்று சொல்லிவிட்டாராம். போச்சு பரிசு!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"சரித்திரத்துல நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

அடக் கடவுளே, இப்பேர்ப்பட்ட உத்தமருக்கா நான் கெடுதல் பண்ணினேன் என்று உருகிப் போனேன். கேதாருக்கும் மனசு தாங்கவில்லை. "பாவம் இவர், வஹினி" என்றார். மராத்தியில் வஹினி என்றால் அண்ணி. "ஆறு மாசமா சனிக்கிழமை தவறாம, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எங்க வீட்டுல உட்கார்ந்துதான் இந்தச் சக்கரமெல்லாம் பண்ணினார்!"

சனிக்கிழமையா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமைதோறும் ஆபீஸில் அவசர வேலை என்ற மனுஷருக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்து அனுப்பியவள் நான். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செத்து மூவாயிரம் வருஷமான எகிப்துக்காரனிடம் பொய் சொல்ல மாட்டாராம். அந்த மரியாதை பெண்டாட்டிக்குக் கிடைக்க... நானும் மூவாயிரம் வருஷம் காத்திருக்கணும் போல!