கடைக்குக் கடை நின்றவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள், உடனே வரச்சொல்லி விருதுநகரிலிருந்து அம்மா ஆள் அனுப்பினாள். என்னைச் சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தீபாவளி சீசன், வெடிக்கட்டுகளில் ஒட்டும் லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்தது. எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

"உங்கய்யாவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சோன்னு பயமா இருக்கு," என்றாள் அம்மா, நான் வாசல்படி ஏறுவதற்குள். "நம்ம கடைக்குப் போற வழியிலே ஒவ்வொரு கடை முன்னாலயும் நின்னுர்றாக. பருப்பை அள்ளி அள்ளிப் பாக்குறாக. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுறாக."

அய்யா மிளகாய் வத்தல் வியாபாரி. அறுபதைத் தாண்டியவர். எங்கே போனாலும் அம்மாவைப் பத்தடி பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துதான் பழக்கம். நீரிழிவு வெகுநாளாக உண்டு. சுருட்டுப் பழக்கம் அதற்கும் முந்தியது. அவர் கொத்தமல்லிக் கடையில் நின்றால் மல்லி விலை ஏறப்போகிறதென்று தரகர்கள் பேசிக்கொண்டார்களாம்.

மறுநாள் காலையில் நானும் கூடவே போனேன். தெருமுனை வரை நன்றாகத்தான் நடந்தார். பருப்புக் கடை நெருங்கும்போது நடை தளர்ந்தது. நின்றார். துவரம்பருப்பைக் கை நிறைய அள்ளினார். பார்வை பருப்பில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. பருப்பைப் போட்டுவிட்டு நடந்தார். அடுத்து அவர் நின்றபோது மெதுவாகக் கேட்டேன்.

"எங்கனய்யா வலிக்குது?"

முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கெண்டைக்கால் தாயி. நடந்தா முறுக்கிப் பிழியுது. நின்னா விட்டுருது. அம்மாகிட்டச் சொல்லிராத," என்றார்.

அவருடைய அண்ணன் பக்கவாதம் வந்து, படுத்த படுக்கையாகவே கிடந்து செத்தவர். தனக்கும் அதுதான் என்று அய்யா தனக்குள் முடிவு கட்டியிருந்தார்.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் அவருடைய புறங்கால்களில் விரல் வைத்து வெகுநேரம் நாடி தேடினார்.

"வாதந்தானே டாக்டர்?" என்றார் அய்யா, கூரையைப் பார்த்தபடி.

"யார் சொன்னா? காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. நீரிழிவும் சுருட்டும் சேந்து செஞ்ச வேலை. சுருட்டை இன்னைக்கே விட்ருங்க. தினமும் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க."

"நிக்கலாமா?"

"தாராளமா நிக்கலாம்."

வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது, முகத்தில் சிரிப்பு. "பசிக்குது தாயி. சாப்பிடப் போவமா?"

அன்று சாயங்காலம் அம்மாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். "இதைச் சொல்றதுக்கென்ன? நான் எம்புட்டு நேர்ச்சை நேந்துக்கிட்டேன் தெரியுமா?" என்று அவள் போட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. திட்டிக்கொண்டேதான் சோறு போட்டாள்.

சுருட்டை நிறுத்த அவர் பட்ட பாடு பெரும்பாடு. ஆனாலும் விட்டார். பஜாரில் அவர் நின்றால் கடைக்காரர்கள் ஸ்டூலை எடுத்துப் போட்டார்கள். வலி முழுசாகப் போகவில்லை. நிற்காமல் நடக்கும் தூரம் மட்டும் மெல்ல மெல்லக் கூடியது.

அடுத்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு பேரும் சிவகாசியில் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார்கள். "வண்டி வச்சு வந்திருக்கலாமில்லே?" என்றேன்.

"வண்டி எதுக்கு?" என்றாள் அம்மா. "கல்யாணமாகி இத்தனை வருஷத்துலே இப்பத்தான் இவுக கூடச் சேந்தாப்புல நடக்க முடியுது."