ஒரு ஸ்டூலும் மீள்திறனும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடிப்பவளுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு, அத்தனையும் நின்றபடியே. ஆறு வருடமாக இடுப்பிலிருந்து இடது கால் வரை சுண்டி இழுக்கும் வலி. காலையில் குனிய முடியாது. செருப்பு வாரை மகள்தான் மாட்டிவிடுவாள். மடிப்பக்கா கேட்டதெல்லாம் மடிப்பு மேசை உயரத்துக்கு ஒரு ஸ்டூல். மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்றையும் மேற்பார்வையாளர் இழுப்பறையில் போட்டு மூடினார்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தாள், சின்னப் பெண். தீராத வலியோடு வேலை செய்பவர்களைப் பேட்டி எடுக்கிறாளாம். நிர்வாகத்துக்கும் அறிக்கை போகுமாம். நம் பேச்சு அம்பலம் ஏறாவிட்டாலும் படித்தவள் எழுதினால் கேட்பார்கள் என்று நம்பி, மடிப்பக்கா இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தாள். ஸ்டூலைப் பற்றி மட்டும் ஏழெட்டுத் தடவை சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் இரண்டே நாற்காலி. ஒன்றில் அவர், இன்னொன்றில் ஆய்வாளர். மடிப்பக்கா வழக்கம்போல நின்றாள்.

"உன்னைப் பத்திப் பெருமையா எழுதியிருக்காங்கம்மா," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. "வலியோடயே நின்னு சமாளிக்கிறியாம். உனக்குப் போய் ஸ்டூல் எதுக்கு?"

ஆய்வாளர் தாள்களை நீட்டினாள். "நீங்க சொன்னதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டோமான்னு நீங்களே பார்த்துச் சொல்லணும்க்கா. அதுதான் எங்க முறை."

மடிப்பக்கா படித்தாள். அவள் பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி, ஓரத்தில் தலைப்புப் போட்டிருந்தார்கள். வலி வந்தால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்விக்கு அவள் வெறுத்துப்போய்ச் சிரித்திருந்தாள். அங்கே ‘சிரிக்கிறார்’ என்று குறித்து, ‘நகைச்சுவையால் வலியை வெல்லுதல்’ என்று எழுதியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றதற்கு ‘மீள்திறன்’; எதையும் தாங்கி மீளும் திறமையாம். பதினொரு வருடத்தில் எத்தனையோ அசிங்கம் பிடித்த துணிகளைத் தொட்டிருக்கிறாள். இந்தத் தாள்களைப்போல எதுவும் அவளுக்கு அருவருப்பாக இருந்ததில்லை.

"ஸ்டூல் எங்கம்மா இதுல?"

"அது எங்க ஆய்வுக் கேள்விக்குள்ள வரலக்கா. நாங்க பார்க்கிறது மன உறுதியை."

"நீ கேட்ட கேள்வியோட லட்சணத்துக்குத்தான் சிரிச்சேன். என் பேச்சை மொத்தமா எடுத்துடு."

"தாராளமா விலகிக்கலாம்க்கா, அது உங்க உரிமை. ஆனா... அறிக்கை போன வாரமே நிர்வாகத்துக்குப் போயிடுச்சு."

"அப்ப என்கிட்ட என்ன இழவுக்குக் கேட்க வந்தே?"

ஆய்வாளர் உட்கார்ந்தபடியே விலகுவதற்கான படிவத்தை எடுத்து நீட்டினாள்.

"எழுந்திரு," என்றாள் மடிப்பக்கா.

அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள். மடிப்பக்கா நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் மடிப்பு மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மேற்பார்வையாளர் வாசலில் நின்று கத்தினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நாற்காலி மேசைக்குத் தாழ்வு; தோளைத் தூக்கித் தூக்கி மடிக்க வேண்டியிருந்தது. இடுப்பு வலி துளிகூடக் குறையவில்லை. அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள்.

ஆய்வாளர் பின்னாலேயே வந்து தயங்கி நின்றாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாளாக்கும் என்று மடிப்பக்கா நினைத்தாள்.

அந்தப் பெண் ஒலிப்பதிவுக் கருவியை மேசை ஓரத்தில் வைத்து விசையை அழுத்தினாள்.

"அக்கா, இப்ப உங்க மனசுல என்ன ஓடுதுன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா?"