பச்சைத் தண்ணீர்

விடிந்தும் விடியாமலும் தவிட்டுப் போசியோடு மாமா குட்டைக்கரையில் நிற்பார். தண்ணீர் மேலெல்லாம் மீன் வாய்கள், திறந்து மூடித் திறந்து மூடி. "பாரு கண்ணு, என்னையக் கண்டதும் எப்படி ஓடியாருதுகன்னு. பசி!" என்று இன்னொரு கை அள்ளிப் போடுவார்.

என் அம்மாவின் தம்பி அவர். சிங்காநல்லூரில் மில் வேலையை விட்டுவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில் குட்டை வெட்டினார். மேலே மேய கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிர்கால் என்று குஞ்சு வாங்கி விட்டார். வாய்க்கால் தண்ணீரோடு விராலும் அழைக்காமலே வந்து சேர்ந்தது. அந்தக் குட்டையை நம்பித்தான் குடும்பம்.

நான் அப்போது கோவையில் விலங்கியல் இரண்டாம் வருஷம். எங்கள் சொந்தத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண். திமிருக்குக் கேட்கவா வேண்டும்! குட்டை கரும்பச்சையானபோது, லீவுக்கு வந்திருந்த என்னைத்தான் மாமா கேட்டார்: "ஏனம்மணி, தண்ணி இப்படி இருக்கலாமா? மோட்டார் போட்டுப் பாதிய மாத்தி உட்டுரட்டுமா?"

"வேண்டாமுங்க மாமா. பச்சையா இருந்தாத்தான் மீனுக்குத் தீனி" என்றேன். பாதிப் பாடம் படித்தவள் பேச்சு. பச்சை அளவு மீறினால் ஆபத்து என்ற மறுபாதியை நான் இன்னும் தொடவில்லை. மாமாவோ வருகிறவர்களிடமெல்லாம், "எங்கக்கா புள்ள சொல்லிப்போட்டா, இதானுங்க நல்ல தண்ணி" என்று பீற்றிக்கொண்டார். பச்சை கூடட்டும் என்று குட்டையில் கொட்டிய தவிடும் சாணியும் கூடிக்கொண்டே போயின.

மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தது. வெயில் இல்லாவிட்டால், தண்ணீரைப் பச்சையாக்கும் அந்தப் பாசியே தண்ணீரிலுள்ள மூச்சைக் குடித்துவிடும். நாலாம் நாள் காலை கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வயிறு வெளுத்து மிதந்தன. மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த விரால் மட்டும் பிழைத்தது. நாங்கள் பசி என்று நினைத்தது மூச்சுத் திணறல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ, தினமும் கண்ணெதிரே கெஞ்சியிருக்கின்றன!

ஊரே கரையில் கூடிவிட்டது. "ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். "வானம் மூடிக்கிச்சுங்க, அதானுங்க" என்றார் மாமா. என் பக்கம் திரும்பவே இல்லை. மறுமாதம் பழைய மில்லிலேயே போய் வேலைக்கு நின்றார்.

இன்று இந்தப் பாடத்தை என் மாணவிகளுக்கு முழுசாக நடத்துகிறேன். மீன் செத்த பிறகும் இருபது வருஷம் இருந்தார் மனுஷன்; ஒருவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என் தப்புங்க மாமா" என்று ஒரே ஒரு தடவை சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.