கிடாவின் தலைக்கு மேல் ஒரு வேட்டி

கல்ஃபான் வெயிலோடு சண்டை போடுகிறவர். பஹ்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் ஆய்வகப் பொறுப்பாளர். என்னை உஸ்தாத், அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவார். காலையிலிருந்து ஒன்றரை மணி வரை குடுவைகளைக் கழுவி அடுக்குவார். மீதி நேரம் படம் பிடிப்பார். கல்யாணம், குச்சி ஆட்டம், புதிதாகத் திறக்கிற தையல் கடை என்று யார் கூப்பிட்டாலும் போவார்.

எங்கள் பக்கத்து உச்சி வெயிலில் யாரைப் படம் பிடித்தாலும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு குழியும் மூக்குக்குக் கீழே ஒரு நிழல் மீசையும் விழும். கைக்குழந்தைக்குக்கூட மீசை. வெயிலுக்கும் ஆளுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றை விரித்துப் பிடித்தால் போதும், மீசை போய்விடும். அதைத்தான் டிஃப்யூசர் என்று கடையில் விற்கிறார்கள். மஸ்கட்டில் விலை விசாரித்துவிட்டு வந்த கல்ஃபான், "அந்தக் காசுக்கு வெயிலையே வாங்கிப் பூட்டி வெச்சிடலாம்" என்றார். அன்றைக்கே தானே செய்ய ஆரம்பித்தார்.

முதலில் செய்தது குளியலறைத் திரையில். திரையில் மீன் படங்கள் இருந்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையின் கன்னத்தில் ஒரு மீன் கடைசி வரை நீந்திக்கொண்டிருந்தது. இரண்டாவது, தோட்டத்துக் கூடாரத்தின் பிளாஸ்டிக் தாள். அது சடசடவென்று அடித்துக்கொண்ட சத்தத்தில், பெருநாள் கவிதை சொன்ன பெரியவர் வாயை மட்டும் அசைப்பதுபோலப் பதிவானார்.

மூன்றாவதுதான் கொஞ்சம் மரியாதையானது. அரையங்குல பிவிசி குழாய்கள், நாலு மூலைக்கு நாலு எல்போ. பசை கிடையாது, கழற்றிக் காரில் போட்டுக்கொள்ளலாம். துணிக்கு, இங்கே ஆண்கள் நீள அங்கிக்குள் கட்டும் வேட்டி இரண்டை அவர் மனைவி ரய்யா சேர்த்துத் தைத்துக்கொடுத்தார். ஓரத்தில் பாவாடை எலாஸ்டிக், அதற்குமேல் துணி கிளிப்புகள். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். ஒரு பக்கத்தை மணல் மூட்டையில் நட்ட கம்பு தாங்கும், மறுபக்கத்தை நான் தாங்குவேன். காற்றடித்தால் இது பறந்து யார் தலையிலாவது விழும், போலீஸ் வரும், என் பெயரைக் கேட்பார்கள் என்பது என் கவலை.

"விசா புதுப்பிக்கிற மாசத்துல நான் எதையும் தூக்கிப் பிடிக்கிறதில்ல" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உஸ்தாத், பத்தொம்பது வருஷமா உங்களுக்கு எல்லா மாசமும் விசா மாசம்தான்" என்றார் கல்ஃபான்.

அந்த வருஷம் ஹஜ் பெருநாளுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது கல்ஃபானின் மாமனாருக்கு ஒரு வேலை வந்தது. அவரை எல்லோரும் அபூ ஹிலால் என்போம். முழங்கால் போய்விட்டது. மகன் ஹிலால் மஸ்கட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறான், பெருநாள் முடிந்ததும் அங்கே போயாக வேண்டும். ஆடுகளை எல்லாம் விற்றாயிற்று. மிஞ்சியது அஷ்கர் என்கிற செம்பட்டைக் கிடா. நாலு வயது, தொங்கு காது, பார்வையில் ஒரு அலட்சியம். மூன்றாவது மாடியில் அதற்கு இடமில்லை.

பெருநாளுக்கு முந்தின வாரத்தில் ஆடு கேட்டு வருகிறவர்கள் எதற்கு வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அபூ ஹிலால் அஷ்கரைப் பற்றி ஆசையாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. "எடை கேக்கிறவனுக்கு என் வாசல்ல வேலையில்ல" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இனவிருத்திக்கு வளர்க்கிறவர் யாராவது வாங்கினால்தான் அஷ்கர் பெருநாளைத் தாண்டும். அப்படிப்பட்டவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், வாகைப் பார்ப்பார்கள். கிழவரால் சந்தைக்கு நடத்திக்கொண்டு போக முடியாது. ஆகவே வீடியோ. ஆடு வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் போடுவதாக ஏற்பாடு.

காலையில் கல்ஃபானுக்குப் பள்ளிக்கூடம். மூன்றரைக்கெல்லாம் மலை நிழல் முற்றத்தை மூடிவிடும், செம்பட்டை கறுப்பாகிவிடும். இடையில் இருப்பது இரண்டு மணி நேர வெயில்.

நாங்கள் சட்டத்தைத் தூக்கி நிறுத்தியதும் அபூ ஹிலால் கட்டிலில் இருந்தபடி கேட்டார்:

"என்ன இது, கிடாவுக்குக் கல்யாணமா?"

"வெளிச்சத்தைக் கொஞ்சம் மெதுவாக்கறேன் மாமா."

"வெளிச்சம் உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? படைச்சவன் ஒழுங்காத்தான் படைச்சிருக்கான். உன் கேமராதான் நோஞ்சான்."

அஷ்கர் ஒத்துழைத்தது. ஒரு கிளிப்பை மட்டும் தின்னப் பார்த்தது.

அன்று மாலை குழுவில் போட்டதும் பதில்கள் வந்தன. ஒருவர், "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "உங்கள் இழப்புக்கு அல்லாஹ் நற்கூலி தரட்டும்" என்று எழுதியிருந்தார். திரும்பப் பார்த்தோம். நிஜமாகவே கிடா ஊதா பாரித்திருந்தது. செம்பட்டை முடி சாம்பலாக, நாக்கு கத்திரிப்பூவாக, குளிப்பாட்டிக் கிடத்தியதை எழுப்பி நிறுத்தியதுபோல. ஒரே ஒரு தொலைபேசி வந்தது, ஒரு கறிக்கடைக்காரரிடமிருந்து.

"உசிரு இருக்கறப்பவே குடுத்துடுங்க பெரியவரே. எத்தனை கிலோ தேறும்?"

அபூ ஹிலால் தொலைபேசியை வைத்துவிட்டார். அன்று காஃபி குடிக்கவில்லை.

கல்ஃபான் முதலில் படம் எடுத்த கைபேசியைக் குறை சொன்னார். அதன் அமைப்புகளைத் திருகி, ஊதாவைப் பச்சையாக்கினார். பிறகு நான் சாய்த்துப் பிடித்தேன் என்றார். பிறகு கிடா சரியாகச் சாப்பிடவில்லை என்றார். கடைசியில் ரய்யா வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என் வாளியோட நிறம்" என்றார்.

"எந்த வாளி?"

"நீலம் போடற வாளி. வெள்ளைத் துணியை நீலம் போடாம யாராவது காயப்போடுவாங்களா? நாலு பேரு பாக்க விரிச்சுப் பிடிக்கிறது, அழுக்கா இருந்தா என்னைத்தானே சொல்லுவாங்க. ரெண்டு மூடி அதிகமாவே ஊத்தினேன்."

கல்ஃபான் துணியைச் சட்டத்திலிருந்து கழற்றினார். பிறகு நீலம் படாத வெள்ளையைத் தேடிக் கிளம்பினார். வீட்டில் இல்லை. அண்டை வீடுகளில் இல்லை. எங்கள் தெருவில் துணி வெளுப்பாக இல்லாவிட்டால் பெண்ணைத் தர மாட்டார்கள். என் வேட்டியைக் கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தேன், அதுவும் சொட்டு நீலம்தான். கடையிலிருந்து புதுத்துணி வாங்கி வந்து பிடித்தோம். ஆலையிலேயே வெளுத்து அனுப்புகிறார்கள்போல, அஷ்கர் முன்னைவிடப் பனிப்பிரதேசத்து ஆடாக நின்றது. பெருநாளுக்கு ஏழு நாள்.

எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அபூ ஹிலால் உட்கார்ந்து கிடாவின் காதடியைச் சொறிந்துகொண்டிருந்தார். அங்கி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. உள்ளே தெரிந்த வேட்டி பாலாடை நிறம்.

"மாமா, அது நீலம் போடாததா?"

"நானே வாய்க்கால்ல அலசிக்கறேன். இவன் எப்பப் பாத்தாலும் நக்கறான். நீலம் வயித்துக்கு ஆகாது."

"அந்த வேட்டி வேணும் மாமா."

"எப்போ?"

"இப்போ."

கிழவர் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணைக் குடுத்தேன். அது பத்தலையா?"

"இன்னொண்ணு இருக்கா?"

"கொடியில காயுது."

"ரெண்டும் வேணும்."

"அப்ப நான்?"

ரய்யா தன் வாளியிலிருந்து பிறந்த வேட்டி ஒன்றை நீட்டினார். கிழவர் உள்ளே போய், பளீரென்று வெளியே வந்தார். அஷ்கர் முகர்ந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

பாலாடைத் துணி வழியாக இறங்கிய வெளிச்சத்தில் கிடா பழுத்த பேரீச்சையின் நிறமாயிற்று. வயிற்றுக்கடியில் கிடந்த கறுப்பு கரைந்து, முடி முடியாக எண்ணலாம் போலிருந்தது. கல்ஃபான் மூச்சுவிடாமல் எடுத்தார். நானும் விடவில்லை, காற்று வந்துவிடுமோ என்று.

அதைக் குழுவில் போட்ட மறுநாள், ஆதம் என்ற ஊர்ப் பக்கத்துப் பாலையிலிருந்து உம் முஸல்லம் என்ற பெண்மணி பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தார். பாலைவனப் பெண்கள் போடும் முகமூடிக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. உச்சி வெயிலில் நின்ற அஷ்கரைப் பார்த்தார்.

"இது வேற கிடா."

"இதேதான்" என்றார் கல்ஃபான்.

"படத்துல இருந்தவன் ஷேக் மாதிரி இருந்தான். இவன் பஸ்ஸுக்கு நிக்கறவன் மாதிரி இருக்கான்."

கல்ஃபான் என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்ச் சட்டத்தைப் பிடித்தேன். கிடா பேரீச்சை நிறமாயிற்று. உம் முஸல்லம் துணிக்கு அடியில் புகுந்து, கிடாவைப் பார்த்து, துணியைப் பார்த்து, என்னையும் பார்த்தார்.

"எடுங்க இதை. எங்க மணல்ல இதைத் தூக்கிப் பிடிக்க யாரு வருவா, இந்த உஸ்தாதா?"

எடுத்தோம். வெயிலிலேயே வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். குளம்பைத் தூக்கினார். பின்னால் போய்ப் பார்க்க வேண்டியதைப் பார்த்தார். நடத்திப் பார்த்தார். கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்:

"எத்தனை கிலோ இருப்பான்?"

கிழவர் தடியை ஊன்றி எழுந்தார்.

"எடைக்குக் குடுக்கறதில்ல. வந்த வழியே போலாம்."

"உக்காருங்க பெரியவரே. வண்டியோட பின்பலகை ஆட்டம் காணுது, தாங்குமான்னு கேட்டேன். அறுபது பொட்டை வெச்சிருக்கேன் நான். கறி திங்கவா இவ்வளவு தூரம் வருவேன்?"

கிழவர் உட்கார்ந்தார். காஃபி வந்தது. அவரும் குடித்தார். மூன்று கோப்பையில் விலை முடிந்தது.

பிக்கப் தெருவில் நின்றது. முற்றத்திலிருந்து ஒரு நாற்பது அடி. கயிற்றை அந்த அம்மாள் பிடித்ததும் அபூ ஹிலால், "கல்ஃபான், அதைத் தூக்கிப் பிடி" என்றார்.

"படம் எடுத்து முடிஞ்சாச்சே மாமா."

"படத்துக்கில்ல. பிடி."

ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். நடுவில் அஷ்கர் தனக்கு உரியதுபோல நடந்தது. பின்னால் நீலம் போட்ட வேட்டியில் கிழவர், தடியோடு.

"பொண்ணையா அனுப்பி வெக்கிறீங்க?" என்றார் உம் முஸல்லம்.

வாசல் ஒன்றரை மீட்டர்தான். சட்டம் சிக்கிக்கொண்டது. நான் சாய்க்கலாமா உயர்த்தலாமா என்று பதறுவதற்குள் கிடா எங்களை விட்டு வெளியே போய், முழு வெயிலில் ஒரே தாவலில் வண்டியில் ஏறி, அங்கே கிடந்த புல்லைத் தின்ன ஆரம்பித்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பலகை தாங்கியது.

அபூ ஹிலால் வாசலிலேயே நின்றுவிட்டார். வண்டி கிளம்பும்போது குரல் கொடுத்தார்:

"போய்ச் சேந்ததும் ஒரு படம் அனுப்பு."

உம் முஸல்லம் கண்ணாடியை இறக்கினார். "எங்கிட்ட இந்தச் சாமானெல்லாம் கிடையாதே."

"வெயில்லயே எடு. அவனை எனக்குத் தெரியும்" என்றார் கிழவர்.