விதை மருந்தும் அக்காவின் இடது கண்ணும்

விதைக்குப் பூசுகிற மருந்தைக் கட்டுப்படுத்தலாமா வேண்டாமா என்று அரசாங்கத்திலிருந்து எங்களிடம் கருத்துக் கேட்க வந்தார்கள். கோயில் மண்டபத்தில் கூட்டம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைக்க, விறகு பொறுக்க, கொஞ்சம் காலை நீட்ட என்று எங்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான். அதையும் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? இருந்தும் போனேன். வரமாட்டேன் என்ற அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே சொல்வதற்கு எங்கள் லயத்திலேயே அவளிடம்தான் விஷயம் இருந்தது.

அக்கா தேயிலைக் கொழுந்து பறிக்கிறாள். நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். றொசல்லைப் பக்கம் ஒரே லயத்தில், அந்த நீள வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பராக்களில் குடியிருக்கிறோம். பின்னால் இருக்கிற சரிவில் ஆளுக்கொரு துண்டு நிலம், அதில் போஞ்சிக்காய் போடுவோம். இங்கே பெய்கிற மழைக்கு வெறும் விதையை ஊன்றினால் முளைக்கும் முன்பே அழுகிவிடும். அதனால் மருந்தும் சிவப்புச் சாயமும் பூசிய விதைதான் வாங்குவோம்.

கினிகத்தேனையில் முஸ்லிம் நானா ஒருவர் கடை வைத்திருக்கிறார். பெரிய பையில் வரும் விதையைப் பிரித்துச் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் கட்டி வைத்திருப்பார். எங்கள் நிலத்துக்கு அவ்வளவு போதும். கையுறை போடு, கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று படம் போட்டு எழுதியிருப்பதெல்லாம் பெரிய பையோடு கடையிலேயே நின்றுவிடும். வந்திருந்தாலும் சிங்களமும் இங்கிலீசும்தான். பாவம், அவர் வாயால் சொல்லத்தான் செய்வார்: "கையக் கழுவிக்கோங்க தங்கச்சி." சாப்பிடும் முன்னால் கழுவச் சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

விதை ஊன்றுகிற அன்று முதல் பிடியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்ட பிறகுதான் மண்வெட்டியை எடுப்போம். அம்மா செய்தாள், நாங்களும் செய்கிறோம். அம்மா காலத்து விதையில் சாயம் இல்லை என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை. போன தடவை அக்கா ஒற்றிக்கொண்டபோது அவள் கை மழையில் நனைந்திருந்தது. சாயமும் மருந்துமாக இடது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. எரிச்சல் தாங்காமல் முந்தானையால் கசக்கு கசக்கென்று கசக்கினாள். தானாக ஆறிவிடும் என்று நாளைக் கடத்தி, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காரியம் கைமீறியிருந்தது. இப்போது அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

இது எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு, கண்ணு வலி வந்துச்சு, ஆறிருச்சி என்று சொல்லி வைத்திருந்தாள். பார்வை இல்லை என்று தெரிந்தால் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்ப மாட்டார்கள். அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் உயர்தரம் படிக்கிறாள். அக்காவின் வேலை போனால் அந்தப் பிள்ளையின் படிப்பும் போய்விடும். இருந்தாலும் வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், லயத்து ஆட்கள் கேட்டாலும், தோட்ட நிர்வாகத்தின் காதுக்குப் போகவா போகிறது என்று நான்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

மண்டபத்துக்குள் நுழைந்தால், கதவோரம் கண்டாக்கையா உட்கார்ந்திருக்கிறார். மலையில் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவரும் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் போடுகிறாராம், கருத்துச் சொல்ல வந்திருக்கிறார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு அப்போதே மனம் சோர்ந்துவிட்டது.

வந்திருந்த அதிகாரி சிங்களத்தில் பேச, ஒரு பெண் தமிழில் சொன்னாள். "விவசாயிகளாகிய உங்கள் கருத்து..." என்று அவள் தொடங்கியதும் பின்னாலிருந்து ஒருவர், "மத்த நேரமெல்லாம் எங்கள தொழிலாளிங்கிறீங்க, இன்னிக்கு மட்டும் விவசாயியா?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. முன்பு அரசாங்கம் உரத்தையும் மருந்தையும் திடீரென்று நிறுத்தியபோது ஊன்றியதெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகியதை ஒருவர் சொன்னார். கட்டுப்பாடு என்று யார் பேசினாலும் அவருக்கு அந்த நாற்றம்தான் ஞாபகம் வருகிறதாம். மருந்து வேண்டும், ஆனால் சின்னப் பையிலும் தமிழில் எழுதித் தாருங்கள் என்று ஒரு பெரியவர் கேட்டார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அதிகாரியோ, தடை வேண்டுமா, வேண்டாமா என்று அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கடைசியில் அந்தப் பெண் கேட்டாள்: "இந்த மருந்தால யாருக்காவது பாதிப்பு வந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க."

நான் எங்கே உளறிவிடுவேனோ என்று பயந்திருக்க வேண்டும், அக்காவே எழுந்துவிட்டாள்.

"எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. வருசக்கணக்கா இதத்தான் ஊன்றோம். நிப்பாட்டிறாதீங்க."

கை தட்டினார்கள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பதைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

முடிவில் ஆளுக்கொரு சோடி கையுறை கொடுத்தார்கள். எழுந்து பேசிய ஒரே பெண் என்று அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அதிகாரி அவளுடைய இடது பக்கமாக நின்று நீட்டினார். அக்கா கை நீட்டினாள். கை, கையுறைக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தது. மறுபடி நீட்டினாள், மறுபடியும் தவறியது. கூச்சப்படுகிறாள் என்று நினைத்து அதிகாரி சிரித்தபடி அவள் கையில் வைத்து அழுத்தினார். கண்டாக்கையா சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரிக்கும்போது, அவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாராம். "நீ இன்னிக்கு மலைக்கு ஏற வேணாம்மா. கண்ண டாக்டர்கிட்ட காட்டி துண்டு எழுதி வாங்கிட்டு வா, அப்புறம் பார்ப்போம். நீ கானுப் பள்ளத்துல விழுந்து கெடந்தா நான்தான் பதில் சொல்லணும்."

அக்கா நேராகப் பிள்ளை மடுவத்துக்கு வந்தாள். கொழுந்துச் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்தாள். என் இடுப்பில் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"நேத்து நான் சொன்னத அந்த ஐயா எழுதிக்கிட்டாருல்ல?"

"எழுதிக்கிட்டாரு."

"இப்பப் போயி, அது பொய்யி, என் கண்ணு போயிருச்சின்னு சொன்னா மாத்தி எழுதிக்குவாங்களா?"

அந்த அதிகாரியின் கந்தோர் எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.