நாலாவது மாடியில் இருந்த நாடகம்

போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு வியாழக்கிழமை. பெரும்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் பிளாக்கின் தரைத்தளத்தில், என் வாழ்க்கையிலேயே பெரிய கோமாளித்தனத்தைச் செய்தேன். அதைச் செய்துவிட்டு ஜெயித்தும் இருக்கிறேன் என்பதுதான் எனக்கே இன்னும் ஆச்சரியம்.

நான் வீட்டில் தையல் வேலை செய்பவள். தரைத்தளத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை, குடியிருப்பு அலுவலகத்தில் நடையாய் நடந்து கேட்டு வாங்கினோம். சாயங்காலமானால் பத்துப் பதினைந்து பேர் அங்கே கூடுவோம். பழைய பேனரில் பை தைப்போம். போர்டு எழுதும் ஆட்டோக்கார அண்ணன் ஒருவர் சுவரில் படம் வரைவார். எல்லாவற்றுக்கும் மேலாக நாடகம் போடுவோம். அந்த நாடகத்துக்கு மூலகாரணம் நாலாவது மாடியில் இருக்கும் மீன் விற்கும் அக்கா. வியாபாரம் முடிந்து கூடையோடு வருவார். மேல்வீட்டுத் துணியின் தண்ணீர் கீழ்வீட்டு வடாமில் சொட்டியதா? அதற்குள் ஒரு பாட்டு தயார். நாங்கள் தட்டிலும் டப்பாவிலும் தாளம் போடுவோம், அது வளர்ந்து நாடகமாகிவிடும். சண்டை போட்ட இரண்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்து சிரிப்பார்கள்.

இந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. குடியிருப்பு அலுவலகத்தில், பொருட்களைப் போட்டு வைக்க அறை வேண்டும், மழைக்கு முன் காலி செய்யுங்கள் என்றார்கள். யாராவது பொறுப்பேற்று உதவுவதாகக் கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. எங்களைப் போன்ற படைப்பு மையங்களுக்குப் பயிற்சியும் கொடுப்பார்கள், தேர்வானால் இரண்டு வருடத்துக்கு நிதியும் கொடுப்பார்கள். முடிச்சூர், பள்ளிக்கரணை என்று பல இடங்களிலிருந்தும் பயிற்சிக்கு ஆட்கள் வந்தார்கள். சனிக்கிழமைதோறும் நானும் பஸ் பிடித்து தாம்பரம் போனேன். விண்ணப்பம் எழுதுவது, மையத்தைப் பற்றி மூன்று நிமிடத்தில் சொல்வது எல்லாம் கற்றுக்கொண்டேன். கடைசி நாளில் பயிற்சி கொடுத்த மேடம், "உங்க இடத்தைப் பார்க்க வருவோம். எதுவும் ஏற்பாடு பண்ணாதீங்க, தினமும் நடக்கிறதை நடத்துங்க" என்றார்.

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். 'சாப்பாடெல்லாம் வேண்டாம்' என்று சொல்லும் சம்பந்தி வீட்டுக்கு நாம் சமைக்காமலா இருக்கிறோம்?

வெள்ளைத் துணி போட்டு ரிப்பன் கட்டிய நாற்காலிகளை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு பொன்னாடை, பூங்கொத்து. தெரிந்த பிரவுசிங் சென்டரில் கெஞ்சி இரண்டு கம்ப்யூட்டரை இரவல் வாங்கி ஓரமாக வைத்தேன். வாசலில் வரவேற்பு பேனர், அதில் வருகிறவர்கள் படமும் கைகூப்பியபடி என் போட்டோவும். வருகிறவர்கள் படத்தைவிட என் படம் பெரியது என்று அண்ணன் சொன்னார். காதில் வாங்கவில்லை.

இதெல்லாம்கூட அசட்டுத்தனம், போகட்டும். முந்தின நாள் சாயங்காலம் அக்காவிடம், "நாளைக்கு வேலை இருந்தா பாருங்கக்கா, கட்டாயம் வரணும்னு இல்ல" என்றேன். மீன் வாடை அடிக்குமே, பெரியவர்கள் முன்னால் வாயில் ஏதாவது வந்துவிடுமே என்ற பயம். அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுபவர், "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குச் சுருக்கென்றது. நல்ல காரியத்துக்குத்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு அந்த மேடமும், கூட அறக்கட்டளைப் பெரியவர் ஒருவரும் வந்தார்கள். எங்கள் பெண்கள் பட்டுப்புடவையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னாடை போர்த்தினேன், மடித்து மடியில் வைத்துக்கொண்டார்கள். மூன்று நிமிடப் பேச்சை ஒப்பித்தேன். பெரியவர் எழுந்து போய் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். அது உயிர் பெறவில்லை. உயிர் பெற வழியும் இல்லை, அந்த மூலையில் பிளக்கே கிடையாது.

அவர் திரும்பி, "விண்ணப்பத்துல நாடகம்னு எழுதியிருந்தீங்களே, அது எங்கம்மா?" என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வெள்ளந்தியாக, "அது நாலாவது மாடில கீது சார்" என்றாள்.

மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்து அவர்கள் பள்ளிக்கரணைக்குப் போக வேண்டும். அறை கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சார், இந்த நாற்காலி வாடகை, கம்ப்யூட்டர் இரவல். இந்த இடத்தை நடத்துறவங்களை நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன். பத்து நிமிஷம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியேறினேன்.

அக்கா வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"இன்னாமே, வேணாம்னா போவணும், கூப்டா வரணுமா? நான் இன்னா உங்க வூட்டு டீவியா?"

"தப்பு என் மேலதான்க்கா. நீங்க வராட்டி ரூம் போயிடும்."

அப்போதுதான் நிமிர்ந்தார். "ரூம் போயிடும்னு வந்தியா? நான் இல்லன்னு வந்தியா?"

அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "கிளம்பும்போது ரூமுக்காகத்தான்க்கா கிளம்பினேன். படி ஏறும்போதுதான் அசிங்கமா இருந்துச்சு. உங்களை மறைச்சு வெச்சிட்டு நாடகம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"போதும், ரொம்ப நீட்டாத. மூச்சு வாங்குது பாரு" என்று எழுந்தார். புடவைகூட மாற்றவில்லை. ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.

அறைக்குள் வந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "நாற்காலிக்குப் பொடவ கட்டி வுட்டுக்கீறியே, அதுக்கு எப்பம்மா கல்யாணம்?" என்றார். அவ்வளவுதான், அதுவே பாட்டாகிவிட்டது. வேர்க்கிற வெயிலில் போர்வை போர்த்திய விருந்தாளி, பிளக் இல்லாத கம்ப்யூட்டர், சுவரளவு போட்டோவில் கும்பிடு போடும் தலைவி என்று வரிசையாக என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அண்ணன் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினார். விறைத்திருந்த பெண்கள் கொசுவத்தைச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். ஒருத்தி நானாக நடித்து எனக்கே பொன்னாடை போர்த்தினாள். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பெரியவர் நாற்காலியின் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கரணைக்குத் தாமதமாகும் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு, விளக்கு ஏற்றும் நேரம் வரை இருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்வாகிவிட்டோம். அதைக் காட்டியதும் குடியிருப்பு அலுவலகத்தில் சாவியை எங்களிடமே விட்டுவிட்டார்கள். அன்று எங்கள் பிளாக்கில் கேட்ட விசில் சத்தத்துக்கு எதிர் பிளாக்கிலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மீன் வாடை அடித்தது, விடவில்லை. அந்த பேனரை வெட்டிப் பை தைத்தோம். என் கும்பிட்ட கை ஒருவர் பையிலும் பாதி முகம் இன்னொருவர் பையிலுமாக நான் மார்க்கெட்டுக்கெல்லாம் போய் வந்தேன்.

இந்த வருடப் பயிற்சிக்கு வந்த புதியவர்களிடம் பேச தாம்பரத்துக்கு அழைத்தார்கள், என்னை அல்ல, அக்காவை. நான் கூடப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் என் கதையைச் சொல்லச் சொல்ல எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினேன். பெரிய மனிதர்கள் முன்னால் யாரை மறைக்கலாம் என்று மனசு தேடுகிறதோ, அவரால்தான் நாமே ஓர் ஆளாக நிற்கிறோம் என்பது எனக்கு இப்போது தெரியும். நான் மறந்தாலும் அக்கா மறக்க விடமாட்டார்.